டயருக்கு ஆப்பு

2024 ஜனவரி 8, திங்கள்

கார் ஓட்டப் பழகுவதற்கான எல்.எல்.ஆர் போன வாரமே வந்துவிட்டது. இன்று முதல் வகுப்பு. எனக்கு வயது 53.

கோத்தகிரியில் 28 வருடமாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். பாதி நாள் பஸ்ஸில், மீதி நாள் என் வீட்டுக்காரர் ஓட்டும் காரில். நவம்பரில் கண் டாக்டர் அவரிடம், "இனிமே ஸ்டீரிங்கைத் தொடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டார். கண் அழுத்த நோய். நேராக இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஓரப் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சந்திலிருந்து திரும்பும் பைக், மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் அவர் கண்ணுக்குப் படும். அன்றிலிருந்து வண்டி தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

டிரைவிங் பள்ளி மாஸ்டருக்கு 26 வயதுதான் இருக்கும். தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை. முதல் நாள் சாவியையே கொடுக்கவில்லை. "முதல்ல உட்காரக் கத்துக்குங்க டீச்சர்" என்றார். கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நடுக் கண்ணாடியில் பின்கண்ணாடி முழுசாகத் தெரிய வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் நம் வண்டியின் கதவு ஒரு கீற்று தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் ரோடு. முக்கால் மணி நேரம் இதுவே ஆனது. கால் மணி சும்மா உட்கார்ந்திருந்தேன், அதற்கும் சேர்த்துத்தான் காசு.

ஜனவரி 10, புதன்

பதினோரு தடவை வண்டி அணைந்தது. நான்தான் எண்ணினேன், மாஸ்டர் எண்ணவில்லை.

மூன்று பெடலுக்கு இரண்டு கால். வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறி மாறிப் போகும், அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மிதிக்க வழியில்லை. இடது காலுக்குக் கிளட்ச் மட்டும். கிளட்ச் என்ன செய்கிறது என்று கேட்டேன். மாஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். "ஒரு கை இன்ஜின், சுத்திக்கிட்டே இருக்கும். இன்னொரு கை சக்கரம், நிக்குது. பட்டுனு சேர்த்தா நிக்கிறது ஜெயிச்சிடும், இன்ஜின் செத்துடும். உரசி உரசிச் சேர்த்தா சுத்துறது ஜெயிக்கும்." முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

வகுப்பு லீவு. சும்மா இருக்க முடியாமல் தார்ப்பாயை நீக்கி எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வாரம் ஒரு தடவை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து வைப்பார், அதனால் பேட்டரிக்குக் குறையில்லை. சத்தம் கேட்டுப் பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன்.

வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. ஜெரேனியம் தொட்டிகள் மூன்று போயின.

எங்கள் வாசல் சரிவு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும். அவர் எப்போதும் முதல் கியரில் போட்டு, பின் டயருக்கு மரக்கட்டை வைத்துத்தான் நிறுத்துவார். ஈரமும் பனியும் இருக்கிற மாதங்களில் நாள்கணக்காக நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட மாட்டார். பின்சக்கரத்தின் டிரம்மில் பிரேக் ஷூ துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பார். ஆக, வண்டி கியரில் இருந்தது. நான் கிளட்சை மிதிக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் தள்ளிவிட்டது. பின்னால் கட்டை இருந்தது, முன்னால் தொட்டிதான் இருந்தது.

அவர் வெளியே வந்து பார்த்தார். "சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி கிளட்ச். அப்புறம் கியரை ஆட்டிப் பாரு. நியூட்ரல்ல இருந்தா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லூசா ஆடும்." தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 19, வெள்ளி

மேட்டில் நிறுத்தி எடுப்பது. சமவெளியில் கற்றுக்கொள்கிறவர்கள் இதைப் பாலத்தில் ஏறும்போது ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே வீட்டைவிட்டு வெளியே வருவதே இதைச் செய்துதான்.

மாஸ்டர் சொன்ன முறை: ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்து. முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடு. கிளட்சை மெல்ல மெல்ல விடு. ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், பானெட் லேசாக மூக்கைத் தூக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை நிறுத்து. இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் போகாது, அப்படியே நிற்கும். பிறகு ஆக்சிலேட்டர்.

சொல்லும்போது சுலபம். ஐந்தாவது முயற்சியில் பின்னால் ஒரு கொழுந்து லாரி வந்து ஒட்டி நின்றது. கண்ணாடி முழுக்க அதன் முகம். கை நடுங்கியது. "அவரு நம்ம ஆளுதான் டீச்சர், பொறுமையா எடுங்க" என்றார் மாஸ்டர். எடுத்தேன். லாரிக்காரர் தாண்டிப் போகும்போது கையை அசைத்தார்.

1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. செங்குத்தான மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது அதில் ஒன்று. ரிவர்ஸில் குறுகலான இடத்துக்குள் நுழைவதும் இருக்கிறது. இரண்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

ஜனவரி 22, திங்கள்

தேயிலைத் தோட்டத்து வளைவில் காட்டெருமைகள், ஐந்து. (காட்டுமாடு என்பதுதான் சரியாம். இங்கே யார் அப்படிச் சொல்கிறார்கள்?) இருபது நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஹார்ன் கிடையாது, கீழே இறங்குவதும் கிடையாது. அவை போன பிறகு வகுப்பும் முடிந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

முதல் தடவை எங்கள் வண்டியை வெளியே எடுத்தோம். எல் போர்டு ஒட்டியாயிற்று. எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் பக்கத்தில் உரிமம் உள்ளவர் உட்கார வேண்டும். உரிமம் காலாவதி ஆகாவிட்டாலும் இவர் அந்தக் கணக்கில் வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் மாஸ்டரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தேன். இவர் பின் சீட்டில்.

டிரைவிங் பள்ளி வண்டியில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், வைப்பர் இடது பக்கம். எங்கள் வண்டியில் தலைகீழ். ஜான்ஸ்டன் சதுக்கத்தில் திரும்பச் சைகை காட்டினேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிரீச் கிரீச் என்று ஓடியது. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னிடம் படித்தவன் ஒருவன், வணக்கம் வைத்துவிட்டுச் சிரித்தான்.

ரிவர்ஸ் கியரும் வேறு மாதிரி. பள்ளி வண்டியில் வலப்பக்கம் கீழே. எங்கள் வண்டியில் குமிழுக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் மேலே தள்ள வேண்டும். முதல் கியருக்குப் பக்கத்திலேயே. வளையம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அடுத்தவர் வண்டியில் ஏறினால் முதலில் இண்டிகேட்டர், வைப்பர், லைட், ரிவர்ஸ் நான்கும் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் சாவி.

பின் சீட்டிலிருந்து தட் தட் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் மிதியடியை மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்.

பிப்ரவரி 2, வெள்ளி

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். வண்டி ஓட்டுவதைவிட அதை நிறுத்திவிட்டு இறங்குவது பெரிய வேலை என்று இன்றுதான் புரிந்தது. ஓடும்போது நாம் உள்ளே இருக்கிறோம், தப்பு நடந்தால் கால் இருக்கிறது. இறங்கிக் கதவைப் பூட்டிய பிறகு சரிவுதான் ஓட்டுநர்.

மலை ரோட்டில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் நிறுத்தவே கூடாது, எவ்வளவு இடம் இருந்தாலும். மேட்டுப்பக்கம் ஒதுங்கி, பிரேக்கை மிதித்து, நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு, கால் பிரேக்கை ஒரு கணம் விட்டுப் பார்க்க வேண்டும். வண்டி அசையாவிட்டால் பாரத்தை ஹேண்ட் பிரேக் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் கியர். மூக்கு மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ். அவசரப்பட்டு முதலிலேயே கியரில் விட்டால் பாரமெல்லாம் கியர்பாக்ஸில் தொங்கும்.

அடுத்தது சக்கரத்தை ஒடித்து வைப்பது. மேடு நமக்கு இடது கைப்பக்கம் இருந்தால், வண்டி மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் இடது பக்கமே ஒடிக்க வேண்டும். கீழே உருண்டால் மூக்கு போய் மண்ணில் முட்டும், பின்னால் உருண்டால் வால் போய் முட்டும். பஜாரில் மாதிரி ஓரத்தில் உயரமான நடைபாதைக் கல் இருந்து, வண்டி மேலே பார்த்தால் மட்டும் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். பின்னால் சரிந்தால் முன்டயரின் முதுகு அந்தக் கல்லில் சாய்ந்து நிற்கும். தலையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பேரனின் பொம்மைக் காரை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கடைசியாக ஆப்பு. டயருக்கு அடியில் வைக்கும் முக்கோண மரக்கட்டை. பிள்ளைகள் "ஆப்பு வச்சுட்டான்" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இந்த ஊரில் ஆப்பு வைப்பது புண்ணியம். லாரிக்காரர்கள் கல் வைப்பார்கள். கிளம்பும்போது கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் எனக்கு ஆகாது. இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறினால் என்ன கதி? அவர் ஆசாரியிடம் சொல்லிச் செய்த கட்டையில் துளை போட்டு ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார். கயிற்றின் மறுமுனை கதவுக் கைப்பிடியில். மறந்து கதவைத் திறக்கவே முடியாது.

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஓட்டுநர் சீட்டில் உரிமம் உள்ளவர் இல்லாமல் பொது இடத்தில் வண்டி நிற்க வேண்டுமென்றால், இன்ஜினை நிறுத்தியிருக்க வேண்டும், பிரேக் போட்டோ வேறு வழி செய்தோ அது தானாக நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். "சும்மா அஞ்சு நிமிஷம்" என்று இன்ஜினை ஓடவிட்டு பேக்கரிக்குள் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்று ஒன்று நடந்தது. எல்லாம் செய்துவிட்டு, கால் பிரேக்கை விட்டுப் பார்த்தபோது வண்டி ஒரு சாண் பின்னால் போனது. ஹேண்ட் பிரேக் ஒன்பது பல் ஏறியும் பிடிக்கவில்லை. "கேபிள் தளர்ந்துடுச்சு டீச்சர்." கியர் போட்டு, கட்டை வைத்து, நேரே மெக்கானிக் கடைக்குப் போன் செய்தோம். சாயங்காலம் கேபிளை இறுக்கித் தந்தார். இப்போது ஐந்து பல்லிலேயே பிடிக்கிறது. இழுக்கும்போது டிக் டிக் என்று எண்ணுவது இனிமேல் பழக்கமாகிவிடும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பஜாரில் இரண்டு ஜீப்புக்கு நடுவில் ரிவர்ஸ். முன்னால் நிற்கும் வண்டிக்கு இணையாக நின்று, பின்னால் எடுத்து, நம் பின்சக்கரம் அதன் வாலைத் தாண்டும்போது இடது பக்கம் முழுசாக ஒடித்து, வண்டி சாய்வாக உள்ளே நுழைந்ததும் நேராக்கி, மூக்கு முன்வண்டியைத் தாண்டியதும் வலது பக்கம் ஒடி. இவ்வளவுதான்.

ஆனால் பஜாரில் யாராவது ரிவர்ஸ் எடுத்தால் ஊரே மாஸ்டர் ஆகிவிடுகிறது. ஒருவர் "வா வா வா" என்கிறார், ஒருவர் "லெஃப்ட்ல ஒடிங்கம்மா" என்கிறார், மூன்றாமவர் "ஸ்டாப்!" மூன்றும் ஒரே மூச்சில். யாராவது ஒருவரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மருந்துக்கடைப் பையனைத் தேர்ந்தெடுத்தேன். அவன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றான், மற்ற இருவரும் டயருக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்தினார்கள்.

இறங்கும்போது கதவை இடது கையால் திறக்கச் சொன்னார் மாஸ்டர். இடது கையை வலப்பக்கக் கதவுக்கு நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற பைக் கண்ணில் படும். செய்து பார்த்தேன். ஒரு பைக் வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 14, புதன்

ஊட்டியில் தேர்வு. மேட்டில் நிறுத்தி எடுத்தேன், உருளவில்லை. பாஸ். வகுப்பில் பிள்ளைகள் சாக்லேட் கேட்டார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரப் பரிசோதனை. லீவு போட்டு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினேன். மாஸ்டர் இல்லை, அவர் மட்டும் முன் சீட்டில். 30 கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். எங்களுக்கு முன்னால் போன டூரிஸ்ட் வேன் பிரேக்கிலேயே இறங்கியது. கருகிய வாடை நாலு வளைவுக்கு வந்தது. குறுகலான இரண்டு இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு நின்றேன். ஏறுகிறவனுக்குத்தான் முதல் உரிமை, நின்றுவிட்டு எடுப்பது அவனுக்குத்தான் கஷ்டம், அதை நான் பட்டிருக்கிறேன்.

பாதி மலை இறங்கிய பிறகு கவனித்தேன். தட் தட் சத்தம் நின்றிருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நிறுத்தினேன். சிமெண்டுத் தரை, கேரம் போர்டு மாதிரி மட்டம். ஹேண்ட் பிரேக், ஐந்து டிக். இறங்கிக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் அவரைக் காணோம். வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஒரு கையால் டயரைத் தடவிப் பார்த்து, மறு கையால் கட்டையை அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். செக்யூரிட்டி எங்களையே பார்த்தார்.

"போலாங்களா?" என்றேன்.