மாத்திரையில் கரையாத அடைப்பு

நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகும் படியேறினால் மூச்சு வாங்குகிறதா? "பலவீனம்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். எக்கோ எடுத்த பிறகுதான் இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருப்பது தெரிந்தது.

அப்புறம் வி/க்யூ ஸ்கேன். நுரையீரலில் காற்று எங்கெல்லாம் போகிறது, ரத்தம் எங்கெல்லாம் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும் பரிசோதனை. எனக்குக் காற்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது. ரத்தப் படத்தில் மட்டும் அங்கங்கே வெறுமை. சி.டி.யில் சில சமயம் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்த அடைப்பு, இதில் தப்புவது அரிது.

பழைய கட்டி ரத்தக்குழாயின் உள்சுவரோடு ஒட்டி வடுவாக இறுகிவிடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை புதுக் கட்டி வராமல் காக்கும். வடுவை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அந்த வடுவைக் குழாயின் உள்படலத்தோடு உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை (பல்மனரி எண்டார்டெரெக்டமி).

நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தின், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் இணைத்து, உடம்பை 18–20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்கிறார்கள். பிறகு ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிறார்கள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 நிமிடம். குழாய்க்குள் ரத்தம் துளியும் இல்லாதபோதுதான் உரிக்க வேண்டிய படலம் தெளிவாகத் தெரியுமாம். ஆழம் கூடினால் குழாய் கிழியும். குறைந்தால் அடைப்பு உள்ளேயே நின்றுவிடும். இதை அடிக்கடி செய்து பழகிய குழுவிடம்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது இதற்காகத்தான்.

எடுத்ததைப் பிறகு படத்தில் காட்டினார்கள். நீலத் துணிமேல், அளவுகோலுக்குப் பக்கத்தில், வேரோடு பிடுங்கிய செடிபோல் கிளை கிளையாக, மஞ்சளும் வெள்ளையுமாக. என் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

முதல் சில நாட்கள்தான் கஷ்டம். இத்தனை காலம் வறண்டிருந்த பகுதிகளுக்குத் திடீரென ரத்தம் பாய்வதால் நுரையீரலில் நீர் கசியலாம். அதற்காக என்னை வென்டிலேட்டரில் கூடுதலாக வைத்திருந்தார்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், வலி நிஜமாகவே குறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் கூடவே வரும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. அடைப்பு மிகச் சிறிய கிளைகளில் இருந்தால் பலூனால் குழாயை விரிக்கும் சிகிச்சையோ, நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ரியோசிகுவாட் மாத்திரையோ கொடுப்பார்கள். ஆனால் ஓரிடத்தில் "ஆபரேஷன் முடியாது" என்றால், அதே படங்களை இந்த அறுவையில் அனுபவமுள்ள இன்னொரு குழுவிடமும் கட்டாயம் காட்டுங்கள்.