தேதியைப் பாருங்கள் அண்ணே

சிங்கப்பூரில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒரு சின்ன அலுவலகத்தில் கிளார்க் வேலை எனக்கு. தமிழ்க் குடும்பங்கள் வந்தால் லாயரைப் பார்ப்பதற்கு முன் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். 2020 ஜனவரி 1-ல் தண்டனைச் சட்டத்தில் பெரிய திருத்தங்கள் நடப்புக்கு வந்த சமயம், "சட்டந்தான் மாறிடுச்சேம்மா, பழைய கேஸை இன்னும் ஏன் இழுக்கிறாங்க?" என்பார்கள்.

குற்றச்சாட்டுத் தாளை மேசையில் விரித்து, பெயருக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் அடுத்து வரும் சம்பவத் தேதியில் விரலை வைப்பேன். "தேதியைப் பாருங்கள் அண்ணே." கடைசி வரியில், எந்தப் பதிப்புச் சட்டத்தின்படி குற்றம் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். 2019-ல் நடந்ததற்கு 2008 திருத்தப் பதிப்பு. அதையும் காட்டுவேன்.

ஒரு பிரிவு நீக்கப்பட்டாலும், அது இருந்தபோது ஏற்பட்ட குற்றப்பொறுப்பு தானாக அழிந்துவிடாது. நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, பழைய வழக்கு பழைய சட்டப்படியே நடக்கும். சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் இன்டர்பிரிடேஷன் ஆக்டின் 16ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். பொது விதியாக இது சரி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் சட்டம் மாறும்வரை வழக்கை இழுத்தடிப்பவருக்குத்தான் லாபம். ஆனால் தண்டனை இளகும்போது பழைய ஆட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2013-ல் போதைப்பொருள் கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனை சிலருக்குத் தளர்த்தப்பட்டபோது, ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களும் மறுபரிசீலனை கேட்க அந்தத் திருத்தமே வழி வைத்தது. இளக்கும் திருத்தம் ஒவ்வொன்றிலும் அப்படியொரு வழி இருக்க வேண்டும் என்பேன்.

தண்டனை கூடும்போது கவலை இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு காக்கிறது: செயல் நடந்தபோது இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையை யாருக்கும் கொடுக்க முடியாது.

இந்தத் தேதி விவகாரம் குற்றம் சிறியதாகும்போதும் கூடவே வரும். 2019 டிசம்பரில் ஓர் அடிதடி, மூக்கெலும்பு முறிவு என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறிவு கொடுங்காயம்; தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவு, பத்தாண்டு வரை சிறை. விசாரணையில், அடித்தது நிரூபணமாகிறது. முறிவு அந்த அடியால்தான் என்பது நிரூபணமாகவில்லை. ஆளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். பெரிய குற்றத்துக்குள்ளேயே அடங்கிய சின்னக் குற்றமான, வேண்டுமென்றே காயப்படுத்துவதற்கான 323ஆம் பிரிவின்கீழ், தனியாகக் குற்றம் சாட்டாமலே, நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். அந்த 323-க்கு உச்சத் தண்டனை 2020-லிருந்து மூன்றாண்டு, அதற்கு முன் இரண்டாண்டு. தீர்ப்பு எந்த ஆண்டில் வந்தாலும் இவருக்கு இரண்டுதான்.

விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்பு குற்றச்சாட்டைக் குறைப்பது வேறு. அது அவர்கள் முடிவு. "குறைச்சிட்டாங்க" என்று வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் யார் குறைத்தது என்று முதலில் கேட்பேன். அப்புறம், எலும்பு விஷயம் என்றால் மருத்துவ அறிக்கையை வாங்கி, முறிவு புதிதா பழையதா என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரா எனத் தேடி, அந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டு ஒட்டி லாயரிடம் கொடுப்பேன்.