பெட்டியின் முதுகைப் பாருங்க

"எத்தனை வாட்ஸ்ணே?"

இன்னைக்கு ஸ்பீக்கர் கடையில் வயர்லெஸ் ஸ்பீக்கர் ஜோடி வாங்க வந்த ஒரு தம்பி கேட்டது இது ஒண்ணுதான். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது பீக் பவர், அதாவது ஒரு நொடி மட்டும் தாங்குற உச்ச அளவு.

பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர். 10க்கு 12 அடி அறைக்கு 4 அல்லது 5 அங்குல வூஃபர் (பேஸ், அதாவது கனத்த ஒலி தர்ற பெரிய கூம்பு), ரெண்டு பெட்டியும் சேர்த்து 40 முதல் 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

ஸ்பீக்கரைத் திருப்பி முதுகை அவர் பார்க்கவே இல்லை. விஷயமே அங்கேதான்.

பின்னால் வட்ட ஓட்டையா போர்ட் (பேஸைக் கூட்ட காற்று போய்வர்ற வழி) இருந்தால், சுவரிலிருந்து முக்கால் அடியாவது தள்ளி வைக்கணும். ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி, பாடுறவர் குரல் அமுங்கிடும். மிருதங்கம், தவில் எல்லாமே ஒரே 'தொம் தொம்'. அலமாரிக்குள் திணிக்கிற வீடுன்னா முன்பக்க போர்ட்டே நல்லது.

வயர்லெஸ்னு பேர்தான். பெரும்பாலானதில் ஆம்ப் (ஒலியைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) ஒரு பெட்டிக்குள் இருக்கும்; மற்றதுக்கு ஸ்பீக்கர் வயர் இழுக்கணும். ஒரு முனையில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறினால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. இதைக் கோளாறுன்னு திருப்பிக் கொடுக்கிறவங்களும் உண்டு!

புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புற முறைக்கு கோடெக்னு பேர். ஐபோனில் எல்டாக் கோடெக் கிடையாது, ஏஏசி இருக்கான்னு பாருங்க. ஆண்ட்ராய்டுன்னா எல்டாக் அல்லது ஆப்டெக்ஸ்.

காசு இடம் கொடுத்தால் வைஃபை மாடல். அதில் கூகுள் காஸ்ட் வசதி இருந்தால், போனில் பாட்டைத் தேர்ந்தெடுத்தா போதும், ஸ்பீக்கரே நேரா நெட்டிலிருந்து எடுத்துக்கும். நடுவில் போன் கால் வந்தாலும் பாட்டு நிற்காது.

டிவிக்கும் வேணும்னா, டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளில் ஸ்பீக்கருக்குக் கொண்டுவர்ற எச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கான்னு கேட்டுட்டு பில் போடச் சொல்லுங்க.