ஐந்தாவது வரி

எங்கள் ஆங்கில ரீச்சர் காலமான செய்தியைத் தை மாதம் ஒரு தோழி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வேலைக்குப் போகிற ரெயினில் நின்றபடி வாசித்தேன். பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவியர் சங்கத்தார் கேட்டபோது, காலை மணி, கிணற்றடி வரிசை, மேற்றனின் திறப்புக் கோர்வைச் சத்தம், ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவை உங்களுக்கும் தெரிந்தவை. எனக்குள் இன்றைக்கும் கிடப்பது ரீச்சரின் ஒரேயொரு பாடவேளை.

1973ஆம் ஆண்டு. எங்கள் போடிங்கில் ஆங்கிலச் சிறுவர் கதாசிரியர் எனிட் பிளைற்றனின் ‘மலோரி ரவர்ஸ்’ புத்தகங்கள் அட்டை கழன்ற நிலையில் கட்டிலுக்குக் கட்டில் கைமாறின. 1946 முதல் 1951 வரை வந்த ஆறு புத்தகங்கள். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கடலோரத்தில் நான்கு கோபுரங்களோடு ஒரு பள்ளிக்கூடம். அங்கே டரல் ரிவர்ஸ் என்றொரு பிள்ளை. நாட்டில் பாணுக்கே வரிசையில் நின்ற காலம். அந்தப் பிள்ளைகளின் நள்ளிரவு விருந்தை வாசித்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த பயத்தம் பணியாரத்தைப் போர்வைக்குள் வைத்துச் சத்தமில்லாமல் கடித்தோம். நாங்கள் எல்லோருமே டரல்தான். அதே கதையில் வரும் குவென்டலினாக இருக்க ஒருத்திக்கும் விருப்பமில்லை. அழுமூஞ்சி, அம்மா பிள்ளை, பொய்க்காரி.

அந்தத் தவணை வன்னியிலிருந்து ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். இரவில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுவாள். தகரப் பெட்டியைத் திறந்து, தாயின் பழஞ்சீலை ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு மடித்து வைப்பாள். வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதிய போடிங் கதையில் அவளைக் குவென்டலின் ஆக்கினேன். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். டோர்மிற்றறியில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பத்திரிகைக்குப் பொறுப்பு ரீச்சர்தான். கொப்பியை என்னிடம் நீட்டி, “எழும்பி வாசியும். ‘அவள்’ எண்டு எழுதின இடமெல்லாம் ‘நான்’ எண்டு மாத்தி வாசியும்” என்றார்.

வாசித்தேன். “நான் விளக்கு அணைந்ததும் மூக்கை உறிஞ்சத் தொடங்கினேன்.” வகுப்பில் சிரிப்பு. “பெட்டியைத் திறந்து அம்மாவின் சீலையை மணந்து பார்த்தேன்.” சிரிப்புக் குறைந்தது. “கிணற்றடியில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.” ஒவ்வொரு வினையின் முடிவிலும் ‘ஆள்’ என்று வாய் போகும், ‘ஏன்’ என்று இழுத்துத் திருப்ப வேண்டும். நான்காவது வரியையும் எப்படியோ தாண்டினேன். ஐந்தாவது இது: “கடிதம் பிரித்துக் கொடுக்கும்போது அவளுடைய பெயர் வரவே இல்லை.” என்னுடைய பெயர் என்று தொடங்கினேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. மூன்றாவது வாங்கில் அவள் தலையைக் குனிந்து, பேனை முனையைச் சட்டை விளிம்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மை நீலமாக ஊறியது. ரீச்சர், “இரும்” என்றார். அவ்வளவுதான். கொப்பியை என்னிடமே விட்டார். கதை பத்திரிகையில் வரவில்லை.

அன்று பின்னேரம் நூலகத்துக்குக் கூப்பிட்டு ‘ஜேன் எயர்’ தந்தார். ஜேன் தன் கதையைத் தானே சொல்கிறாள். லோவுட் பள்ளியில் அவளை ஸ்ரூலில் ஏற்றி நிறுத்தி, இவள் பொய்க்காரி, ஒருத்தரும் இவளோடு சேரக் கூடாது என்கிறார்கள். ஸ்ரூலின் மேலே நிற்பவளின் கண்ணால் முழு மண்டபத்தையும் நாம் பார்க்கிறோம். அவளைக் கடந்து போகும் ஹெலன் பேர்ன்ஸ் நிமிர்ந்து பார்க்கும் பார்வையும் நம்மேலேயே விழுகிறது. சார்லட் பிரொன்டே அதை வெளியிட்டது 1847இல். சிறுமியாக அவர் கொவன் பிரிட்ஜ் பள்ளிக்கு அனுப்பப்பட்டது 1824இல். மறு வருடம் அவருடைய இரண்டு அக்காமாரும் அங்கிருந்து நோயோடு வீடு வந்து செத்துப்போனார்கள். அதே 1824இல்தான் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது என்று ரீச்சர் சொன்னார். அங்கேயும் முதல் இரவு யாரோ ஒருத்தி அழுதிருப்பாள் என்றார்.

‘மலோரி ரவர்ஸ்’ மேல் எனக்கு இன்றும் பாசம் குறையவில்லை. என் மகளுக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இப்போது வாசிக்கும்போது கதை யாருடைய தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். அங்கே ‘நான்’ இல்லை, ‘அவள்’தான். இருந்தும் டரலுடைய கோபம் நமக்கு உள்ளிருந்து தெரியும். குவென்டலினை அவள் அறைந்தால் நமக்கும் கை துறுதுறுக்கும். குவென்டலின் மனதுக்குள்ளும் கதாசிரியர் போய்வருவதுண்டு. ஆனால் அங்கிருந்து பொறாமையையும் சூழ்ச்சியையும்தான் எடுத்துவந்து காட்டுவார். நல்ல மனமும் இரக்கமும் உள்ளவர்களாக வெளியேறுவோரே இந்தப் பள்ளியின் வெற்றி என்று தலைமையாசிரியை முதல் புத்தகத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அந்த இரக்கம் குவென்டலினுக்கு ஆறு புத்தகத்திலும் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் தகப்பன் கடும் நோயில் விழ, அவள் தவணை முடியுமுன்பே வீடு போகிறாள். அதையும் அவளுக்குக் கிடைத்த பாடமாகவே கதை சொல்கிறது. நான் எழுதியதும் அப்படிப்பட்ட கதைதான். என்னைத் தடுக்க ரீச்சர் இருந்தார்.

1984இல் நான் வெளிக்கிட்டேன். எல்லாம் அவசரமாக நடந்தது, ரீச்சரிடம் சொல்லவில்லை. முதல் மாரியில் லண்டன் ஈஸ்ற் ஹாமில் வாடகை அறை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சூட்கேசைத் திறந்து திறந்து பார்ப்பேன். அம்மாவின் சீலை ஒன்று அதற்குள் இருந்தது. கீழே கதவடியில் கடிதம் விழுகிற சத்தம் கேட்டால் ஓடிப்போவேன். பல வாரங்கள் என் பெயருக்கு ஒன்றும் வரவில்லை.

ரீச்சர் எப்படியோ விலாசம் எடுத்து இரண்டு நீல ஏரோகிராம் கடிதம் போட்டார். முதலாவதுக்குப் பதில் எழுதினேன். இரண்டாவது வந்தபோது குழந்தை, இரவு வேலை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். பிறகு சண்டையில் ஊர் இடம்பெயர, அவர் எங்கே என்றே தெரியாமல் போனது. திரும்பவும் தெரியவந்தபோது எழுத வெட்கமாக இருந்தது.

செய்தி வந்த இரவு அந்த இரண்டாவது நீலத் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. மழை, பள்ளிக் கூரை, தன் கண் பார்வை பற்றியெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தார்: “உம்மோடு படித்த வன்னிப் பிள்ளை இரண்டு குழந்தைகளோடு என்னைப் பார்க்க வந்தவள். உம்மைக் கேட்டவள். விலாசம் கொடுக்கலாமோ? எழுதும்.”