பூங்காவைக் கூட்டப் போய் மண்ணைக் கிளறிய கதை

முதல் ஞாயிறு முப்பது பேர் வந்திருந்தோம். மூன்று மணி நேரத்தில் பூங்கா பளிச்சென்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் கலைந்தோம்.

முடியவில்லை. பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தோம். எந்த நாள், எத்தனை பேர் எல்லாம் அதில் இருந்தது. அள்ளிய குப்பையை யார், எப்போது எடுத்துப் போவார்கள் என்பதை மட்டும் எழுதிக் கேட்கவில்லை. வாசலில் அடுக்கிய மூட்டைகள் நான்கு நாள் கிடந்து, நாய்கள் கிழித்து, பாதி குப்பை மறுபடி உள்ளே வந்துவிட்டது. இப்படி இறங்க நினைப்பவர்கள் வண்டி வரும் நாளை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்களைக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம்.

அந்த வாரமே மழையும் பெய்தது. போய்ப் பார்த்தால் தரையில் தண்ணீர் இறங்காமல் குட்டையாக நிற்கிறது. கடப்பாரை இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கவில்லை. வருடக்கணக்காக மிதிபட்டு இறுகிய மண். அதில் காற்றுக்கும் வழியில்லை, நீருக்கும் வழியில்லை. கிளறக் கிளற பாலித்தீன் பைகள் வந்தன. ஒரு பையை இழுத்தேன். அதற்குள் புகுந்த புல்வேர் வெளியே வர வழி தெரியாமல் நூல் நூலாகச் சுருண்டு, அந்தப் பையின் வடிவத்திலேயே படிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய மரங்களுக்கு அடியில் ஆழமாகக் கிளறக் கூடாது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். வெட்டினால் மரத்துக்குத்தான் நஷ்டம். அங்கே சருகையே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போட்டோம். முன்பெல்லாம் அந்தச் சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். தூரை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும், அதனால் அடிமரத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டோம்.

பார்த்தீனியம் என்ற களைச்செடியை மண் ஈரமாக இருக்கும்போது, பூ விடுவதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். வெறுங்கையால் பிடுங்கிய ஒருவருக்கு மறுநாள் கையெல்லாம் தடிப்பு.

கன்று நட்டதில்தான் பெரிய தவறு. நாற்பது கன்றுகள். சாயாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைத்துவிட்டோம். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில கன்றுகள் வாடியதும் தோண்டிப் பார்த்தால், மண்ணுக்குள் போன தண்டுப் பகுதி கறுத்து நசநசவென்று இருந்தது. மிச்சத்தை எல்லாம் மெதுவாகப் பெயர்த்து உயர்த்தி நட்டோம். பதினொன்று போய்விட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது தவறாமல் வருவது ஆறு பேர். காலையில் தண்ணீர் ஊற்ற அது போதும். முதல் இரண்டு வருடம் கோடையில் கன்றைக் கைவிடக் கூடாது என்பதால் முறை வைத்துக்கொண்டோம். அடுத்து ஊஞ்சல் பக்கம் இறங்கப் போகிறோம். கடிதம் கொடுத்தாகிவிட்டது. வண்டி வரும் நாளும் அதில் எழுதியிருக்கிறது.