அபுவேலா கேட்ட மண்

விடியற்காலை 4 மணிக்கு அந்த அடுப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நியூ மெக்சிகோ மாநிலம் எஸ்பன்யோலாவில் என் அலுவலகத் தோழியின் பாட்டி வீடு. அங்கே பாட்டிக்கு அபுவேலா என்று பெயர். நானும் அப்படியே கூப்பிட்டேன். காய்ந்த சிவப்பு மிளகாயைக் காம்பு கிள்ளி, விதையை உதறி, வெந்நீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று புனித வெள்ளி. சிமயோ என்ற ஊரிலுள்ள கிறிஸ்தவக் கோயிலுக்கு சுமார் 15 கிலோமீட்டர் நடை. அந்தக் கோயில் மண் நோய் தீர்க்கும் என்று நம்பிக்கை. அபுவேலா ஏழு வயதில் தன் பாட்டியின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தவராம். இந்த வருஷம் முட்டி ஒத்துழைக்கவில்லை. காலியான ஓரிகானோ பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துப் பேத்தியிடம் கொடுத்தார். "மண் இதில் எடுத்துட்டு வா. நிறைய வேண்டாம், மத்தவங்களுக்கும் வேணும்."

வழியெல்லாம் ஜனம். சிலுவை சுமந்தவர்கள், ஜெபமாலை உருட்டியவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள். சாலையோர வீட்டுக்காரர்கள் ஆரஞ்சும் தண்ணீரும் நீட்டினார்கள்.

1810 வாக்கில் ஒரு புனித வெள்ளி இரவில் பெர்னார்டோ அபெய்தா என்பவர் இங்கே மண்ணிலிருந்து ஒளி வருவதைக் கண்டு, கையாலேயே தோண்ட, ஒரு சிலுவை கிடைத்ததாம். சாந்தா க்ரூஸ் தேவாலயத்துக்கு மூன்று முறை கொண்டுபோயும் அது இந்தக் குழிக்கே திரும்பிவிட்டது என்கிறார்கள். 1816-இல் கோயில் கட்டி முடிந்தது. அதற்கும் வெகு முன்பே தேவா பழங்குடியினர் இந்த இடத்தை நோய் தீர்க்கும் பூமியாகக் கருதியிருக்கிறார்கள்.

பீடத்தை ஒட்டிய சின்ன அறையில் அந்தக் குழி. குனிந்துதான் நுழைய வேண்டும். பக்கத்து அறைச் சுவரில் யார் யாரோ விட்டுப்போன ஊன்றுகோல்கள். குழி தானாக நிறைவதில்லை; வெளியிலிருந்து மண் கொண்டுவந்து போடுகிறோம் என்று கோயில்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். தெரிந்துதான் வரிசையில் இத்தனை பேர் நிற்கிறார்கள். தோழி மூன்று சிட்டிகை எடுத்து பாட்டிலை மூடினாள். எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அபுவேலாவின் முட்டிக்காக வேண்டிக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இல்லை. அபுவேலா பாட்டிலைத் திறந்து, மண்ணைத் தொட்டு, இரண்டு முட்டியிலும் சிலுவை வரைந்தார். அப்புறம் அதை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "மிஹா, சாப்பிட வா," என்றார் என்னைப் பார்த்து. மகளே என்று அர்த்தம்.

தவக்கால வெள்ளியில் மாமிசம் கிடையாது. அதற்குத்தான் முட்டை தோர்தா: வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, மஞ்சள் கருவைக் கலந்து, எண்ணெயில் கரண்டி கரண்டியாக விட்டால் பஞ்சாக உப்பும். அதன்மேல் மிளகாய்ச் சாற்றை ஊற்றிச் சாப்பிட வேண்டும். வாய் எரிய எரிய இன்னொன்று கேட்டேன். முளைகட்டிய கோதுமை மாவில் செய்த பனோச்சா என்ற இனிப்புக் களியும் இருந்தது. சர்க்கரையை விட முளைத்த கோதுமையின் இனிப்புதான் அதில் தூக்கல்.

இரண்டாவது ஈடுக்கு முட்டை அடிக்கும் வேலை பேத்திக்கு. எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று கேட்டாள். அபுவேலா பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை வாங்கி, அவள் தலைக்கு மேலே அப்படியே கவிழ்த்தார். கொஞ்சம் வழிந்து நெற்றியில் விழுந்தது.

"இன்னும் அடி," என்றார்.