‘ஆய்வு’ என்று எழுதியதால் போன 6 வாரம்

மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை ஒருவழியாக முடிந்தது. வகுப்பும் தேர்வும் எப்படியோ ஓடிவிட்டன. உயிரை எடுத்தது கடைசி புராஜெக்ட்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய பிறகும் கட்டில் காலியாக மணிக்கணக்கில் ஆகிறது அல்லவா, அதைக் குறைப்பதுதான் நான் எடுத்த வேலை. தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் கடிதம் வேண்டும். நடைமுறையைச் சீர்செய்யும் திட்டம் என்றால் பெரும்பாலும், குழு கூடிப் பரிசீலிக்க வேண்டியதில்லை என்னும் விலக்குக் கடிதமே போதும். நானோ மேதாவித்தனமாகத் தலைப்பில் ‘ஆய்வு’, உள்ளே ‘கருதுகோள்’ என்றெல்லாம் எழுதிவைத்தேன். போச்சு. முழுக் குழுவும் கூடிப் பார்க்கும் வரிசையில் போட்டுவிட்டார்கள். கேட்கப் போனால், மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் “கூட்டம் நடந்தால் தெரியும்” என்றார். 6 வாரம் கழித்துத்தான் தெரிந்தது, துறைத் தலைவர் கையெழுத்தே இல்லை என்று. அந்தச் சொற்களை மாற்றி, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன்; 4 நாளில் விலக்கு வந்தது.

அடுத்த அடி தரவில். கணினியில் இருந்த நேரங்களை நம்பி 2 வாரக் கணக்கு எடுத்திருந்தேன். பாதிக்கு மேல் மதியம் 2 மணியை ஒட்டியே இருந்தன. ஷிஃப்ட் முடியும்போது நர்ஸ்கள் மொத்தமாகப் பதிகிறார்கள். அந்த நெருக்கடியில் வேறு எப்போது பதிவார்கள்? கடிகாரமும் தாளுமாக வார்டில் நின்று மறுபடி தொடங்கினேன். முதலில் ஒரு பகல் நின்று பாருங்கள், அப்புறம் தரவு கேளுங்கள். எல்லாரும் திட்டும் பில் கவுன்டரில் தாமதம் கொஞ்சம்தான், டிஸ்சார்ஜ் சம்மரிதான் நேரத்தைத் தின்கிறது என்பது நின்றதால்தான் தெரிந்தது. முந்தின மாலையே வரைவு எழுதிவைக்க ஒரே ஒரு டாக்டரைச் சம்மதிக்கவைத்து முதல் பி.டி.எஸ்.ஏ. சுற்றை (திட்டமிட்டு, சிறிதாகச் செய்து, பார்த்து, திருத்துவது) ஓட்டினேன்.

மருத்துவத் தரத்தை அளக்க டோனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் வகுத்த அமைப்பு, செயல்முறை, விளைவு மூன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் வழிகாட்டி “அவசரமாக அனுப்பியவர்கள் திரும்ப அட்மிட் ஆனால்?” என்றபோது விழித்தேன். அதையும் எண்ணுங்கள். வைவாவில் எனக்கு விழுந்த முதல் கேள்வியே அதுதான்.

தாமதத்தை வரிசையாகப் புள்ளி வைத்துக் காட்டும் ரன் சார்ட்டில், மீடியன் (நடு மதிப்பு) கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 6 புள்ளி விழுந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆறாவது புள்ளி விழுந்த அன்று ஒரு நர்ஸ் அந்தத் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினார்.

அறிக்கை கொடுக்கப் போனால் அதே மேசை, அதே ஆள். “விலக்குக் கடித நகல்?”

மூன்று வைத்திருந்தேன்.